கட்டுப்படியாகும் வீடு என்றால் என்ன? சென்னையை முன்வைத்து ஓர் எளிய விளக்கம்

சென்னையில் வாடகை கட்டுப்படியாகவில்லை என்று மாதம் ஒன்றரை லட்சம் ரூபாய் வாங்கும் மென்பொருள் பொறியாளரும் சொல்கிறார். அவர் வீட்டில் பாத்திரம் துலக்கிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடும் அம்மாவும் அதையேதான் சொல்கிறார். இருவர் சொல்வதும் உண்மை. ஆனால் சொல் ஒன்றாக இருப்பதால் இருவரின் நிலையும் ஒன்றாகிவிடாது. பொறியாளருக்கு அடையாறு கட்டுப்படியாகாவிட்டால் மேடவாக்கத்தில் அதே அளவு வீடு கிடைக்கும். அந்த அம்மாவுக்கு ஓர் இடம் கட்டுப்படியாகாவிட்டால், அடுத்துப் போகும் இடத்தில் ஓர் அறை குறையும், அல்லது கழிப்பறை நான்கு குடும்பங்களுக்குப் பொதுவாகும், அல்லது வேலைக்குப் போய்வர இரண்டு மணி நேரம் கூடும்.

மலிவு விலை வீடு, வீட்டுப் பற்றாக்குறை, குடிசைப் பகுதி ஆகிய சொற்களைச் செய்தியிலும் விளம்பரத்திலும் தேர்தல் மேடையிலும் ஆளுக்கொரு பொருளில் பயன்படுத்துகிறார்கள். அதனால் ஏழைக் குடும்பங்களின் வீட்டுச் சிக்கல் ஏன் பல பத்தாண்டுகளாகத் தீராமல் இருக்கிறது என்பதே பலருக்கு விளங்காமல் போகிறது. இந்தக் கட்டுரை அந்தச் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து, அன்றாட வாழ்க்கையிலிருந்து தொடங்கி, அவற்றின் அடியில் உள்ள கணக்கை விளக்க முயல்கிறது.

## முப்பது விழுக்காடு என்ற அளவுகோல்

ஒரு வீடு கட்டுப்படியாகிறதா என்பதை வீட்டின் விலையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு கிலோ கத்தரிக்காய் 60 ரூபாய் என்றால் அது அதிகமா குறைவா என்பது வாங்குபவரின் சுருக்குப்பையில் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. வீடும் அப்படித்தான். ஆகவே ‘கட்டுப்படியாகும் வீடு’ என்பதை, ஒரு குடும்பத்தின் வருமானத்தோடு ஒப்பிட்டு, மற்றத் தேவைகளைக் குறைக்காமல் அந்தக் குடும்பத்தால் செலவிடக்கூடிய வீடு என்று வரையறுக்கலாம்.

உலகெங்கும் இதற்குப் பரவலாகப் பயன்படும் அளவுகோல், வீட்டுக்கான செலவு வருமானத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது. இந்த எண் ஆராய்ச்சியில் கண்டுபிடிக்கப்பட்ட இயற்கை விதி அன்று. அமெரிக்காவில் 1969இல் அரசுக் குடியிருப்புகளின் வாடகைக்கு வருமானத்தில் 25 விழுக்காடு என்று உச்சவரம்பு விதித்தார்கள். 1981இல் அதை 30 ஆக்கினார்கள். நிர்வாக வசதிக்காக வைத்த அந்த எண் பிறகு உலகம் முழுவதற்கும் பொது வழக்காகிவிட்டது. இந்தியாவில் தீபக் பரேக் தலைமையிலான பணிக்குழு 2008இல் கொடுத்த அறிக்கை, குறைந்த வருவாய்க் குடும்பங்களுக்கு மாதத் தவணையோ வாடகையோ வருமானத்தில் 30 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்றும், வீட்டின் விலை குடும்பத்தின் ஆண்டு வருமானத்தைப் போல நான்கு மடங்கைத் தாண்டக் கூடாது என்றும் சொன்னது.

இந்த இரண்டாவது அளவை இன்றைய வரிவிதியின் அருகில் வைத்துப் பார்த்தால் சொற்குழப்பம் எவ்வளவு பெரியது என்று தெரியும். சரக்கு மற்றும் சேவை வரி விதிப்பில், சென்னை போன்ற பெருநகரத்தில் 60 சதுர மீட்டருக்கும் 45 லட்சம் ரூபாய்க்கும் மிகாத வீடு ‘கட்டுப்படியாகும் வீடு’ என்ற வகையில் சேர்ந்து, குறைந்த வரிக்கு உரியதாகிறது. நான்கு மடங்குக் கணக்கின்படி 45 லட்சம் ரூபாய் வீட்டை வாங்க ஆண்டுக்கு 11 லட்சத்து 25 ஆயிரம் ரூபாய் வருமானம் வேண்டும். அதே சமயம், பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தில் ‘பொருளாதாரத்தில் நலிவடைந்த பிரிவினர்’ என்பது ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்கு மிகாத குடும்பங்களைக் குறிக்கிறது. அந்தக் குடும்பத்துக்கு நான்கு மடங்கு என்பது அதிகபட்சம் 12 லட்சம் ரூபாய். விளம்பரப் பலகையில் ‘மலிவு விலை’ என்று எழுதியிருக்கும் வீடு யாருடைய வருமானத்தை வைத்து மலிவு என்று கேட்பது, ஆகவே, குறை சொல்வதற்காகக் கேட்கும் கேள்வி அன்று. அந்தச் சொல்லுக்குப் பொருள் வருவதே அந்தக் கேள்வியால்தான்.

## விழுக்காட்டைவிட முக்கியமானது மிச்சம்

முப்பது விழுக்காடு என்ற அளவுகோலில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அதைப் பார்க்க ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கணவர் பெயிண்டர், மனைவி மூன்று வீடுகளில் வேலை செய்கிறார், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருவர். இருவர் வருமானமும் சேர்ந்து மாதம் 18,000 ரூபாய். ஓர் அறையும் சிறு சமையற்கட்டும் உள்ள வீட்டுக்கு வாடகை 6,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அது வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு. பொறியாளர் ஒன்றரை லட்சத்தில் 50,000 ரூபாய் வாடகை கொடுத்தாலும் அதே மூன்றில் ஒரு பங்குதான். விழுக்காடு இருவருக்கும் சமம். ஆனால் பொறியாளரிடம் மீதம் ஒரு லட்சம் இருக்கிறது. பெயிண்டர் குடும்பத்திடம் 12,000 ரூபாய் இருக்கிறது.

அந்த 12,000மும் முழுதாக நிற்பதில்லை. மின்சாரம், கேன் தண்ணீர் இரண்டுக்கும் ஆயிரம் ரூபாய் போனால், மீதி 11,000 ரூபாயில் நான்கு பேர் முப்பது நாள் சாப்பிட்டு, உடுத்தி, படித்து, மருந்து வாங்கி, பேருந்து ஏற வேண்டும். ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 92 ரூபாய். வீட்டுச் செலவு போக இப்படி மீதமாகும் தொகையை ‘மிச்ச வருமானம்’ என்கிறார்கள். ஏழைக் குடும்பத்தைப் பொறுத்தவரை வீடு கட்டுப்படியாகிறதா என்பதை விழுக்காட்டைவிட இந்த மிச்ச வருமானமே சரியாகக் காட்டும் என்பது என் உறுதியான எண்ணம். 20 விழுக்காடு வாடகை கொடுக்கும் குடும்பமும் பட்டினி கிடக்கலாம். 45 விழுக்காடு கொடுக்கும் குடும்பம் வசதியாகவும் வாழலாம்.

இன்னொன்று: வருமானம் மாதாமாதம் ஒரே சீராக வருவதாக எடுத்துக்கொண்டுதான் எல்லா அளவுகோலும் பேசுகின்றன. ஐப்பசி கார்த்திகை மழையில் பெயிண்டருக்கு வேலை கிடையாது. வேலை செய்யும் வீட்டார் ஊருக்குப் போனால் அந்த மாதச் சம்பளத்தைப் பல இடங்களில் பிடித்துக்கொள்வார்கள். வாடகை மட்டும் ஐந்தாம் தேதி தவறாமல் வந்து நிற்கும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: கட்டுப்படி என்பது விலையைப் பற்றியதன்று, வருமானத்தோடு உள்ள உறவைப் பற்றியது, அந்த உறவிலும், கொடுத்ததைவிட கொடுத்த பிறகு கையில் நிற்பதுதான் குடும்பத்தின் நிலையைச் சொல்லும்.

## அட்வான்ஸ் என்னும் மறைந்த வாடகை

வாடகை என்று வாயால் சொல்லும் தொகையும் உண்மையில் வீட்டுக்காகப் போகும் தொகையும் ஒன்றல்ல. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் என்பது நெடுநாள் வழக்கம். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள வாடகைதாரர், வீட்டு உரிமையாளர் உரிமைகளும் பொறுப்புகளும் பற்றிய சட்டம், மாறான உடன்பாடு இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. வீடு கிடைத்தால் போதும் என்று நிற்கும் குடும்பம் அந்த ‘மாறான உடன்பாட்டுக்கு’ ஒத்துக்கொள்ளாமல் என்ன செய்யும்? அந்தச் சட்டம் எழுத்துமூல ஒப்பந்தத்தை வலியுறுத்துகிறது; ஓரறை வீடுகளின் உலகத்திலோ பெரும்பாலும் வாய்ப்பேச்சே ஒப்பந்தம்.

நம் பெயிண்டர் குடும்பத்துக்குப் பத்து மாத அட்வான்ஸ் 60,000 ரூபாய். அவர்களுடைய மூன்று மாத மொத்த வருமானத்தைவிட அது அதிகம். கையில் இராது, நூற்றுக்கு ஐந்து வட்டிக்கு வாங்குவார்கள். நூற்றுக்கு ஐந்து என்றால் மாதத்துக்கு ஐந்து. ஆக, கடன் தீரும்வரை மாதம் 3,000 ரூபாய் வட்டியாக மட்டும் போகும். வாடகை 6,000 என்று சொன்னாலும் அந்த வீடு அவர்களுக்கு 9,000 ரூபாய் வீடு. காலி செய்யும்போது அட்வான்ஸ் வட்டியில்லாமல் திரும்பி வரும், அதிலும் வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொள்வது வழக்கம். வசதி உள்ளவருக்கு அட்வான்ஸ் என்பது வங்கியில் சும்மா கிடந்திருக்கும் பணம். இல்லாதவருக்கு அது தொடர்ந்து கட்டும் இன்னொரு வாடகை.

மின்சாரமும் இதே போலத்தான். தமிழ்நாட்டில் வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் இணைப்பு உரிமையாளர் பெயரில் இருக்க, அதிலிருந்து உள்மீட்டர் போட்டுப் பல குடித்தனங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, யூனிட்டுக்கு இவ்வளவு என்று உரிமையாளரே விலை வைக்கும் வீடுகள் ஏராளம். அரசு ஏழைக்குக் கொடுப்பதாக நினைக்கும் சலுகை அங்கே வீட்டுக்காரரோடு நின்றுவிடுகிறது.

## பணம் போதாதபோது வேறு எதைக் கொடுக்கிறார்கள்?

இங்கேதான் சிக்கலின் மையம் இருக்கிறது. அரிசி விலை ஏறினால் கொஞ்சம் குறைத்து வாங்கலாம். துணி விலை ஏறினால் இந்தத் தீபாவளிக்கு வேண்டாம் என்று தள்ளிப்போடலாம். வீட்டை அப்படித் தள்ளிப்போட முடியாது. இன்றிரவு எங்காவது படுத்தாக வேண்டும். ஆகவே பணம் போதாத குடும்பம் வீடில்லாமல் நின்றுவிடுவதில்லை. பணத்தில் கொடுக்க முடியாததை வேறு வகையில் கொடுக்கிறது.

அப்படிக் கொடுப்பதற்கு மூன்று வழிகள் உண்டு. இடத்தைக் குறைத்துக்கொள்வது ஒன்று. பாதுகாப்பில்லாத நிலத்தில், எப்போது வேண்டுமானாலும் எழுப்பி விடக்கூடிய இடத்தில் வாழ்வது இன்னொன்று. வேலையும் பள்ளியும் இருக்கும் இடத்தைவிட்டுத் தொலைவுக்குப் போவது மூன்றாவது. பலூனை ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் புடைப்பதுபோல, வாடகையைக் குறைத்தால் சுமை இந்த மூன்றில் ஒன்றில் வந்து உட்காரும். வீட்டு விலையும் வீட்டின் தரக்குறைவும் இரண்டு தனிப் பிரச்சினைகள் என்று நினைப்பது பரவலான தவறு. கட்டுப்படியாகாமை வீட்டுக்குள் நுழைந்து எடுக்கும் வடிவம்தான் தரக்குறைவு.

## முதல் வழி: இடநெருக்கடி

முன்பதிவில்லாத ரயில் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். நடைமேடையில் யாரையும் விட்டுவிடாமல் வண்டி கிளம்பிவிட்டது. வெளியே நின்று பார்ப்பவருக்கு இடப் பற்றாக்குறை என்று எதுவும் தெரியாது. உள்ளே எழுபது பேர் உட்காரும் பெட்டியில் இருநூறு பேர் கழிப்பறை வாசல்வரை நின்றுகொண்டிருக்கிறார்கள்.

இந்தியாவின் நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறை அந்தப் பெட்டியைப் போன்றது. அமிதாப் குண்டு தலைமையிலான தொழில்நுட்பக் குழு 2012இல் இந்தியாவின் நகரங்களில் 1 கோடியே 87 லட்சத்து 80 ஆயிரம் வீடுகள் பற்றாக்குறை என்று மதிப்பிட்டது. இந்த எண்ணைக் கேட்டதும் அத்தனை குடும்பங்கள் தெருவில் கிடப்பதாகத்தான் மனத்தில் படம் வருகிறது. உண்மையில் அந்த மதிப்பீட்டில் வீடே இல்லாத குடும்பங்கள் 5 லட்சத்து 30 ஆயிரம், அதாவது மூன்று விழுக்காட்டுக்கும் குறைவு. சுமார் 1 கோடியே 50 லட்சம், அதாவது ஐந்தில் நான்கு பங்கு, தலைக்கு மேல் கூரை உள்ள குடும்பங்கள். மணமான தம்பதிக்குத் தனியாக ஓர் அறைகூட இல்லாதபடி நெருக்கி வாழ்வதால் பற்றாக்குறைக் கணக்கில் சேர்ந்தவை. மீதி, பழுதடைந்த பழைய வீடுகளும் மண், ஓலை போன்றவற்றால் ஆன, சீர்செய்ய முடியாத கச்சா வீடுகளும். பற்றாக்குறையில் சுமார் 96 விழுக்காடு நலிவடைந்த, குறைந்த வருவாய்ப் பிரிவினருடையது.

இன்னும் ஒரு எண்ணைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் நகரங்களில் காலியாகக் கிடந்த வீடுகள் சுமார் 1 கோடியே 10 லட்சம். பற்றாக்குறையும் காலி வீடுகளும் ஒரே நகரத்தில் ஒரே நேரத்தில் இருக்கின்றன. வீடுகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற வாதம் இங்கே நின்றுவிடுகிறது, ஏனென்றால் அந்தக் காலி வீடுகளில் பல முதலீடாக வாங்கப்பட்டவை, இந்தக் குடும்பங்களின் வருமானத்துக்கு எட்டாத இடத்திலும் விலையிலும் இருப்பவை.

நெருக்கடி என்றால் என்னவென்று தமிழ் வாசகருக்கு நீட்டி விளக்க வேண்டியதில்லை. ஒண்டுக்குடித்தனம் என்ற ஒரு சொல்லே அதைச் சொல்லிவிடும். நடையோரம் வரிசையாக ஐந்தாறு குடித்தனம், பொதுவான ஒரு குழாய், பொதுவான கழிப்பறை, காலையில் அதற்கொரு வரிசை. ஓர் அறையில் ஒரு மூலையில் அடுப்பு, ஒரு மூலையில் பீரோ, இரவில் எல்லோருக்கும் பாய். பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண் தொலைக்காட்சி ஓடும் அறையிலேயே படிக்க வேண்டும். உடை மாற்ற மற்றவர்கள் வெளியே போக வேண்டும். ஒருவருக்குக் காசநோய் வந்தால், சன்னல் இல்லாத அந்த அறையின் காற்றைத்தான் எல்லோரும் மூச்சில் இழுக்கிறார்கள். கட்டடப் பொறியியலில் காற்றோட்டம் என்று சொல்வது இங்கே நேரடியாக மருத்துவச் செலவாக மாறுகிறது.

தரக்குறைவான வீடு என்பதற்கு ஐக்கிய நாடுகளின் வாழ்விட அமைப்பு வைத்திருக்கும் அளவுகோல் எளிமையானது. பாதுகாப்பான குடிநீர், முறையான கழிப்பறை, ஓர் அறைக்கு மூன்று பேருக்கு மிகாத இடம், நிலைத்து நிற்கும் கட்டுமானம், வெளியேற்றப்படாத பாதுகாப்பு ஆகிய ஐந்தில் ஒன்று இல்லையென்றாலும் அதைச் சேரி வாழ்க்கை என்றே அது கணக்கிடுகிறது. குடிசை, ஓலைக்கூரை என்ற தோற்றத்தை வைத்து மட்டும் சேரியை அடையாளம் காண்பவர்களுக்கு இது புதிதாகத் தோன்றலாம். மேலே சொன்ன ஒண்டுக்குடித்தனத்தின் சுவர் செங்கல், தளம் கான்கிரீட். மொட்டை மாடியில் சிமெண்ட் ஷீட் போட்டு வாடகைக்கு விட்ட அறையும் வெளியிலிருந்து பார்க்கப் பக்கா வீடுதான்; சித்திரை வெயிலில் அதற்குள் மதியம் குழந்தையைப் படுக்கவைக்க முடியாது.

சுருக்கமாகச் சொன்னால், பற்றாக்குறை என்ற சொல் பெரும்பாலும் குறிப்பது வீடில்லாதவர்களை அன்று, வீடு என்ற பெயரில் போதாத இடத்தில் வாழ்பவர்களை.

## இரண்டாம் வழி: பட்டா இல்லாத நிலம்

நகர நிலத்தின் விலை எப்படி முடிவாகிறது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஒரு மனையின் விலை அதை வாங்க வருபவர்களில் அதிகம் கொடுக்கக்கூடியவரால் முடிவாகிறது. அலுவலகம் கட்ட நினைப்பவர், அடுக்குமாடி கட்ட நினைப்பவர், சேமிப்பை நிலத்தில் போட நினைப்பவர் எல்லோரோடும் பெயிண்டர் குடும்பம் போட்டியிட முடியாது. நகருக்குள் அவர்களுக்கு மிஞ்சுவது சந்தை வேண்டாம் என்று ஒதுக்கிய நிலம்: கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய்க் கரைகள், ரயில் பாதையோரம், தாழ்வான புறம்போக்கு. வெள்ளம் வரும் இடம் என்று தெரியாமல் அங்கே யாரும் குடியேறுவதில்லை. வேலைக்கு நடந்து போகும் தூரத்தில் வேறு இடம் கிடையாது என்பதால் குடியேறுகிறார்கள்.

இத்தகைய இடத்தில் இல்லாமல் போவதைக் ‘குடியிருப்புப் பாதுகாப்பு’ என்கிறார்கள்: சட்டப்படியான காரணமும் நடைமுறையும் இல்லாமல் யாரும் நம்மை வெளியேற்ற முடியாது என்ற உறுதி. அது இல்லாததன் விளைவு வெளியேற்றப்படும் நாளில் மட்டும் தெரிவதன்று. நாளை இருப்போமா என்று தெரியாத இடத்தில் யாரும் சேமிப்பைப் போட்டுச் சுவர் எழுப்ப மாட்டார்கள். பட்டா இல்லாததால் வங்கி கடன் தராது. அனுமதியற்ற குடியிருப்பு என்பதால் குழாயும் கழிவுநீர் இணைப்பும் தாமதமாகும், தண்ணீர் லாரியில் வரும், குடத்தோடு காத்திருப்பதில் ஒரு பெண்ணின் அரைநாள் கூலி போகும். தரம் உயராமல் இருப்பதற்குக் காரணம் அங்கிருப்பவர்களின் அக்கறையின்மை என்று சொல்பவர்கள் இந்தச் சங்கிலியைப் பார்ப்பதில்லை.

தமிழ்நாடு இதில் நாட்டுக்கு முன்னோடியாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். குடிசை மாற்று வாரியம் 1970இல் தொடங்கப்பட்டது; 1971இல் குடிசைப் பகுதிகள் மேம்பாடு மற்றும் அகற்றுதல் சட்டம் வந்தது. ‘ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்’ என்பது வாரியத்தின் முழக்கம். அந்தச் சட்டத்தின்கீழ் ஒரு பகுதி குடிசைப் பகுதியாக அறிவிக்கப்பட்டால், அங்குள்ளவர்களுக்குச் சட்டத்தின் முன் ஒரு பெயர் கிடைக்கிறது, மேம்பாடு கேட்க ஒரு பிடி கிடைக்கிறது. சென்னையில் 1971இல் 1,202 பகுதிகள் அறிவிக்கப்பட்டன. 1985இல் மேலும் 17. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகளாகப் புதிய பகுதி எதுவும் அறிவிக்கப்படவில்லை. ஆனால் 2011 கணக்கெடுப்பில் சென்னை மாநகராட்சி மக்கள்தொகையில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல், 13 லட்சத்துக்கும் அதிகமானோர், சேரிகளில் வாழ்ந்தார்கள். பட்டியல் நின்ற இடத்தில் நிற்க, நகரம் நடந்துகொண்டே இருந்திருக்கிறது.

## மூன்றாம் வழி: தூரம்

வாரியம் தொடக்க ஆண்டுகளில் கட்டிய அடுக்குமாடிகள் பெரும்பாலும் குடிசைகள் இருந்த இடத்திலேயே, அல்லது அருகிலேயே எழுந்தன. மெரினாவை ஒட்டிய நொச்சிக்குப்பம் போன்ற இடங்களில் அவற்றைக் காணலாம். 2000க்குப் பிறகு திசை மாறியது. ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கம் என்று நகரின் தென்விளிம்பில் பல்லாயிரம் வீடுகள் மொத்தமாகக் கட்டப்பட்டன. கண்ணகி நகரில் மட்டும் 15,000க்கும் மேல். ஆழிப்பேரலைக்குப் பிறகும், 2015 வெள்ளத்துக்குப் பிறகும் ஆற்றங்கரை, கடற்கரைக் குடும்பங்கள் அங்கே அனுப்பப்பட்டன. இதை ‘மறுகுடியமர்வு’ என்கிறார்கள்.

அங்கே சுவர் இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது, ஒதுக்கீட்டு ஆணை இருக்கிறது. ஆற்றங்கரையில் இருந்த இரண்டு குறைகள் நீங்கின. ஆனால் மந்தைவெளியில் மூன்று வீடுகளில் காலையும் மாலையும் வேலை செய்த பெண்ணுக்குப் பெரும்பாக்கத்திலிருந்து அது நடக்காது. காலை வேலை முடிந்து வீட்டுக்கு வந்து சமைத்துவிட்டு மாலை மறுபடி போவது என்ற அவருடைய நாளின் அமைப்பே தூரத்தால் உடைந்துவிடுகிறது. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது உண்மையிலேயே பெரிய உதவி. ஆயினும் பேருந்தில் போகும் நேரத்தை யாரும் திருப்பித் தர முடியாது. கல்வியாண்டின் நடுவில் இடம்பெயர்ந்த பிள்ளைகளில் பலர் பள்ளியை விட்டதும், வாரிய வீட்டைப் பூட்டிவிட்டோ வாடகைக்கு விட்டுவிட்டோ சிலர் நகருக்குள் மறுபடி ஓரறைக்குத் திரும்பியதும் இதனால்தான். அவர்களை ‘வீட்டை விற்றுத் தின்றவர்கள்’ என்று பேசுவதைக் கேட்கும்போது மனம் கசக்கிறது. வீட்டையும் பிழைப்பையும் எதிரெதிராக வைத்து ஒன்றை எடு என்றால், எவரும் பிழைப்பைத்தான் எடுப்பார்கள்.

இன்னொரு செய்தி: செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதிகள். வெள்ளத்திலிருந்து காப்பாற்ற என்று கொண்டுவரப்பட்டவர்களின் வாசலுக்கு அங்கேயும் மழைநீர் வந்தது. மலிவான நிலம் எங்கே கிடைக்கும் என்ற கேள்விக்கு அரசுக்கும் ஏழைக்கும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்.

கட்டிய வீடு நிலைத்து நிற்கிறதா என்பதும் தரத்தில் சேரும். 2021இல் புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பின் சுவர்ப்பூச்சு கை பட்டாலே உதிர்ந்தது மாநிலம் முழுக்கப் பேசப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் திருவொற்றியூரில் பழைய வாரியக் குடியிருப்பில் 24 வீடுகள் கொண்ட ஒரு பகுதி இடிந்து விழுந்தது, விரிசல் ஓசை கேட்டு மக்கள் முன்னரே வெளியேறியதால் உயிர்கள் தப்பின. கட்டும் செலவுக்கு நிதி ஒதுக்குவது எளிது. முப்பது ஆண்டு பராமரிப்புக்கு யார் பொறுப்பு என்பதை எழுதிவைப்பது அரிது.

ஆக, மூன்று வழிகளும் ஒரே கணக்கின் மூன்று விடைகள். இடம், பாதுகாப்பு, தூரம் ஆகியவற்றில் ஒன்றைச் சரிசெய்து மற்றொன்றை இழக்கவைக்கும் திட்டத்தில், சுமை இடம் மாறுகிறதே தவிரக் குறைவதில்லை. ஐக்கிய நாடுகள் குழு 1991இல் போதிய வீட்டுக்கு ஏழு கூறுகளைச் சொன்னபோது, செலவு, வசதிகள், வாழத்தகுந்த நிலை, சட்டப் பாதுகாப்பு ஆகியவற்றோடு இருப்பிடத்தையும் ஒரு கூறாகச் சேர்த்ததற்குக் காரணம் இதுவே.

## கட்டிக்கொடுக்காமலே வீடானவை

வேறு வழி இருந்ததா என்றால், சென்னையிலேயே இருந்தது. உலக வங்கிக் கடனில் 1977இல் தொடங்கிய சென்னை நகர வளர்ச்சித் திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் முழு வீடு கட்டிக்கொடுக்காமல், சாலை, குடிநீர், கழிவுநீர் இணைப்போடு சிறு சிறு மனைகளைப் பிரித்து, உரிமையோடு குடும்பங்களுக்குத் தவணையில் கொடுத்தார்கள். ‘மனையும் வசதியும்’ என்று இதைச் சொல்லலாம். சுவரைக் குடும்பங்கள் தங்கள் வருமானத்துக்கு ஏற்ப எழுப்பிக்கொண்டன: முதலில் ஓர் அறை, மூத்தவன் வேலைக்குப் போனதும் இன்னொன்று, பிறகு மாடி, மாடியில் ஒரு வாடகைக் குடித்தனம். பெரிய மனைகளும் சிறிய மனைகளும் கலந்து பிரிக்கப்பட்டதால், பெரியவற்றை விற்ற வருவாய் சிறியவற்றின் விலையைத் தாங்கியது.

இது ஏன் வேலை செய்தது என்பதை மேலே சொன்ன கணக்கை வைத்துப் பார்த்தால் புரியும். ஒரு தனிக் குடும்பத்தால் எவ்வளவு சேமித்தாலும் வாங்க முடியாதவை நிலவுரிமையும் நிலத்தடிக் குழாய்களும். அவற்றை அரசு கொடுத்தது. குடும்பத்தால் சிறுகச் சிறுகச் செய்யக்கூடியது சுவரும் கூரையும். அதைக் குடும்பத்திடம் விட்டது. அன்று அவை நகரின் ஓரங்கள் என்றாலும் எட்டாத தூரமில்லை. இன்று அவை நகரத்தின் நடுவே மற்றத் தெருக்களிலிருந்து பிரித்தறிய முடியாத தெருக்கள். அரும்பாக்கம் விலையில் இன்று நிலம் வாங்கி அதையே திரும்பச் செய்ய முடியாது என்ற மறுப்பு சரிதான். ஆனால் நகரின் ஓரம் ஆண்டுக்கு ஆண்டு நகர்ந்துகொண்டே போகிறது. அந்த ஓரத்தில் பேருந்தும் பள்ளியும் வேலையும் வரப்போகும் இடத்தை முன்கூட்டியே வாங்கிவைப்பது அரசால் மட்டுமே இயலும்.

## சொந்த வீடு மட்டும்தான் விடையா?

இந்தியாவில் வீட்டுத் திட்டம் என்றாலே சொந்த வீட்டுத் திட்டம் என்று ஆகிவிட்டது. ஊர்விட்டு வந்து சில ஆண்டு வேலை செய்துவிட்டுத் திரும்பும் தொழிலாளிக்கும், வேலை மாறும்போது பகுதி மாற வேண்டிய குடும்பத்துக்கும் தேவைப்படுவது வேறு: முறையான, கட்டுப்படியாகும் வாடகை வீடு. 2020 பெருந்தொற்று ஊரடங்கில் புலம்பெயர் தொழிலாளர்கள் கூட்டங்கூட்டமாக நடந்து ஊர் திரும்பியபோதுதான் நகரங்களில் அவர்கள் எப்படிக் குடியிருந்தார்கள் என்ற கேள்வி பெரிதாக எழுந்தது. அந்த ஆண்டே மத்திய அரசு வாடகைக் குடியிருப்பு வளாகங்களுக்கு ஒரு திட்டத்தை அறிவித்தது.

தமிழ்நாட்டில் இதற்கு அண்மைய எடுத்துக்காட்டு, ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் மாநில அரசின் தொழிற்பூங்கா நிறுவனமான சிப்காட் கட்டி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட பெண் தொழிலாளர் குடியிருப்பு. 18,720 பேர் தங்கும் அளவுக்கு, தொழிற்சாலைக்கு அருகிலேயே அமைந்தது. மேலே சொன்ன மூன்று சுமைகளில் தூரத்தையும் பாதுகாப்பின்மையையும் அது ஒருசேரக் குறைக்கிறது. ஆனால் அங்கே கொடுக்கப்படுவது படுக்கை. தனியாக வேலைக்கு வந்த இளம்பெண்ணுக்கு அது போதும். அதே பெண்ணுக்கு மணமாகி, கணவரோடும் கைக்குழந்தையோடும் அந்த வட்டாரத்திலேயே வேலையைத் தொடர வேண்டுமானால், அவர் தேடிப் போவது மறுபடியும் பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் ஓரறை வீட்டைத்தான்.